பதில்: சுங்கை சிப்புட்டில் ஒரு நாள் விடுமுறை, கோயில் பூட்டியிருந்தது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் தன்னார்வலராகப் பாடம் நடத்தும் நீங்கள், விடுமுறை நாளில் போனபோது மாரியம்மன் கோயில் பூட்டியிருந்தது, உங்களை ஒதுக்கிவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த முறை காலையிலேயே போங்கள். நண்பகலில் போனதால்தான் கதவு பூட்டியிருந்திருக்கும். காலைப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். தன்னார்வலர் என்று உங்களை யாரும் ஒதுக்கவில்லை.

முதல்நாளே நீங்கள் பாடம் நடத்தும் பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் பூசை நேரம் கேளுங்கள். தோட்டத்து (எஸ்டேட்) மாரியம்மன் கோயில்களில் பூசாரி வேறு வேலையும் பார்ப்பவராக இருக்கலாம். கேட்டால் கூடவே யாராவது வருவார்கள், பசியாறாமல் அனுப்பவும் மாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு நேரம் விடுங்கள், அதுதான் அந்த நாளின் நல்ல பகுதி.

கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில், ஈப்போ நகருக்குப் போகும் சாலையில் 1926ல் தொடங்கிய பேராக் தோங் என்ற சீனக் குகைக் கோயிலைப் பார்க்கலாம். எதிர்த்திசையில் போனால் கோலகங்சார் நகரில் 1917ல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்றால் பள்ளிவாசலைத் தொழுகை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கைகால் மூடிய உடை வேண்டும்.