பழைய தகரப் பேணியின் இறுகிய மூடியைச் சேதமின்றித் திறப்பது எப்படி?

இறுகிய மூடி என்பது, மூடியின் விளிம்பும் பேணியின் கழுத்தும் துருவால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்ட நிலையாகும். பேணித் தகடு உண்மையில் வெள்ளீயம் மெல்லியதாகப் பூசப்பட்ட இரும்பு. பூச்சு உராய்ந்த இடத்தில் ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அத்துரு தான் உருவான இரும்பைவிடக் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்வதால் இடைவெளியை அடைத்து நெருக்கிவிடும். வன்னியில் மாரி மழைக்கு மரக்கதவு ஊதி நிலையோடு இறுகுவதைப் போன்றதே இது.

ஆகவே இழுப்பதற்கு முன் அந்த இடைவெளியைத் தளர்த்த வேண்டும். தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் விளிம்பில் துளித்துளியாக விட்டு ஓரிரவு வைத்திருங்கள். பேணியின் வெளிப்புறத்தில் அச்சிட்ட படத்தின்மேல் வழிந்ததை உடனே பஞ்சால் ஒற்றி எடுங்கள், ஏனெனில் பழைய பேணியின் மதிப்பு பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. மறுநாள் தலைமுடி உலர்த்தியால் மூடியின் விளிம்பை மட்டும் மிதமாகச் சூடாக்குங்கள். 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள மூடி 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் விரியும். அற்பமாகத் தோன்றினாலும் அது பெரிதும் உதவும். பின்னர் மெல்லிய மூங்கில் சீவலால் சுற்றிவரச் சிறிது சிறிதாக நெம்புங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் விளிம்பு வளையும்.

பித்தளைப் பாத்திரத்தைப் போலப் புளியிட்டு ஊறவைத்தால் போதும் எனப் பலர் நம்புகிறார்கள். ஆனால் புளியின் அமிலம் துருவோடு வெள்ளீயப் பூச்சையும் அரித்துவிடும்.