அப்பாவின் கேமராவை என்ன செய்வது?

பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கான கேள்வி–பதில்

அப்பா 30 வருஷம் ஸ்டூடியோ நடத்தினார். போன வருஷம் தவறிவிட்டார். பீரோவில் அவருடைய யாஷிகா மேட் 124ஜி ஒன்றும், ஆக்ஃபா கிளிக் 3 ஒன்றும் இருக்கின்றன. 'எடைக்குப் போடு' என்கிறார் அண்ணன். எனக்கோ யாஷிகாவைக் கையில் எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினாலே மனசு அடங்கிவிடுகிறது. இது அசட்டுத்தனமா? அதில் எண் 7 காட்டுகிறது. உள்ளே ஃபிலிம் இருக்குமா?
– வாசகி, மன்னார்குடி

முதல் வேலை, பின்மூடியைத் திறக்காமல் இருப்பது. அசட்டுத்தனமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

எண் 7 காட்டுவதை மட்டும் வைத்து ஃபிலிம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மூடியை மூடிவிட்டுச் சுற்றினால் காலிக் கேமராவும் எண்ணும். கேமராவைக் காதருகே வைத்து அடுத்த படத்துக்கு மெதுவாகச் சுற்றுங்கள். ஃபிலிம் இருந்தால் அதன் முதுகிலுள்ள காகிதம் உரசும் சத்தம் லேசாகக் கேட்கும்; கையிலும் ஒரு இழுவை தெரியும். இல்லாவிட்டால் பல்சக்கரச் சத்தம் மட்டும்தான்.

இருந்தால், 120 என்ற அளவு ஃபிலிமில் இந்தக் கேமரா 12 படம் எடுக்கும். மிச்சமிருப்பதை நீங்களே எடுத்து முடியுங்கள். பழைய ஃபிலிமின் உணர்திறன் குறைந்திருக்கும். வருஷம் பத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடுதல் வெளிச்சம் என்பது தோராயக் கணக்கு. 100 வேக ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் ஷட்டர் வேகம் 125-ல் லென்ஸ் துளை எஃப் 16 வைப்போம். 30 வருஷம் கிடந்த சுருளுக்கு எஃப் 5.6 வையுங்கள். மீட்டர் பேட்டரி செத்துப்போயிருந்தாலும் கவலை இல்லை, ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. 12 முடிந்ததும் கைப்பிடி தடையில்லாமல் சுற்றும். காகித வால் முழுவதும் சுருண்டு இழுவை அற்றுப்போகும்வரை சுற்றிவிட்டு, நிழலில் வைத்துத் திறவுங்கள். சுருள் தளராமல் ஒட்டி, அலுமினியத் தாளில் சுற்றிவையுங்கள். ஃபிலிமின் பெயர் காகிதத்தின் கடைசியில் அச்சாகியிருக்கும்.

இனிச் செய்வதுதான் முக்கியம். கலர் ஃபிலிமாக இருந்தாலும் கலர் லேபில் கொடுக்க வேண்டாம். கலர் ஃபிலிம் கழுவ 1972-ல் வந்த சி-41 முறைக்கு முந்தைய கோடாகலர் சுருள்கள் சி-22 முறைக்கானவை. சி-41-ன் 38 டிகிரிச் சூட்டில் அவற்றின் பூச்சு இளகி உரிந்து வரும். அதற்குப் பிந்தைய ஃபிலிமானாலும் இத்தனை வருஷத்தில் நிறம் கெட்டிருக்கும். 'கறுப்பு வெள்ளையாகக் கழுவுங்கள், எச்.சி.-110 டெவலப்பரில்' என்று சொல்லிக் கொடுங்கள். டெவலப்பர் என்பது படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து; அவற்றில் மூட்டம் குறைவாக விழுவது அது. புகை மூட்டத்துக்குள் இரண்டு முகம் தெரிந்தாலும் தேறியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அமைதி. போன் திரையை எப்படித் தடவினாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த இயந்திரம் ஒரே ஓர் அசைவைத்தான் ஏற்கும்: கைப்பிடியை விரி, நிற்கும்வரை முன்னால் சுற்று, பின்னால் கொண்டுவந்து மடக்கு. அப்பாவின் கை எத்தனை கல்யாண வீட்டில் செய்ததோ, அதே அசைவைத்தான் உங்கள் கையும் இன்று செய்கிறது. வேறு விதமாகச் செய்ய அது விடாது. இதில் அசட்டுத்தனம் எங்கிருந்து வந்தது? அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: எடைக்குப் போட்டால் கொஞ்சம் அலுமினியமும் கண்ணாடியும்தான்; ஓடும் நிலையில் இருந்தால் இன்றும் வாங்க ஆள் இருக்கிறது.

சுத்தம் செய்யும்போது கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து உலோகம் மின்னும் இடத்துக்கு மட்டும் வண்ணம் பூசாதீர்கள். தோலுறையில் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சிக்குப் பிடித்துப் பூஞ்சைக்குத் தீனியாகும், வேண்டாம். கேமராவின் மேல்தோல் உரிந்திருந்தால் ரப்பர் பசை மெல்லியதாகப் போதும். உடனே ஒட்டும் பசையின் ஆவி லென்ஸில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். பரோடாவில் தயாரான அந்த ஆக்ஃபா கிளிக்கும் 120 ஃபிலிம்தான் கேட்கும். அந்த அளவு இன்றும் கிடைக்கிறது.

ஐப்பசி வந்தாலே என் கேமராக்களின் லென்ஸில் பூஞ்சை. அரிசி டின்னில் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். வசம்பு போடலாம் என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், கும்பகோணம்

அரிசியிலேயே நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு ஈரம் இருக்கிறது. தவிட்டுத் தூளும் வண்டும் இலவச இணைப்பு. வசம்பு பூச்சியை விரட்டும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நாப்தலின் உருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும்.

காற்றில் ஈரப்பதம் 60–65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அதற்குக் குறையும் நாளைத் தேடத்தான் வேண்டும். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 250 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரமானி, இவ்வளவுதான் தேவை. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் தோலும் மடிப்புக் கேமராவின் துருத்தியும் வறண்டு வெடிக்கும். ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்குங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அடுப்படிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நிறம் மாறியதை 120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிலைக்கு வரும். தோலுறையைக் கேமராவோடு சேர்த்து வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதே அதுதான்.

பழைய ஸ்டூடியோக்காரர்கள் மர அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை இரவு பகலாக எரியவிடுவார்கள். பெயரில்தான் ஜீரோ; 15 வாட் வரை இழுக்கும். அந்தச் சூடே ஈரப்பதத்தைக் குறைத்தது. இப்போது கடையில் கிடைக்கும் எல்.இ.டி. ஜீரோ பல்பில் சூடு கிடையாது. அதை மாட்டிவிட்டு 'தாத்தா செய்தது பலிக்கவில்லையே' என்று கேட்கிறவர்கள் நிறைய.

ஏற்கெனவே வந்த பூஞ்சையை இப்படிப் பாருங்கள்: ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் வேகம்) திறந்து, துளையை முழுதாக விரித்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். வேர்விட்டது போன்ற மெல்லிய இழைகள் என்றால் பூஞ்சை. சீரான பனிமூட்டம் என்றால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது, அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

முன் கண்ணாடியைத் திருகிக் கழற்றும்போது மரை கடைசியாக விடுபடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பலவகை மடிப்புக் கேமராக்களில் அந்த மரைதான் ஃபோகஸ். வேறு புரியில் ஏற்றினால் தூரக் கணக்கு மொத்தமும் தப்பும். ஆக்ஃபா மடிப்புக் கேமராவில் அந்த வளையமே அசையவில்லையா? பச்சை நிற கிரீஸ் கல்லாக இறுகியிருக்கும். லேசாகச் சூடு காட்டி, லைட்டர் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். குறடு போட்டுத் திருகினால் அச்சு முறியும்.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லென்ஸ் தாள், நடுவிலிருந்து ஓரத்துக்கு. போகாவிட்டால், கழற்றிய தனிக் கண்ணாடிக்கு மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு உபயோக அம்மோனியாவும் சம அளவு, சில நிமிஷம், ஜன்னலைத் திறந்துவைத்து. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும். இழை போன பிறகும் தடம் தெரிந்தால் அமிலம் கண்ணாடியையே அரித்துவிட்டது; எதிர்வெளிச்சத்தில் எடுக்காதவரை படத்தில் பெரிதாகத் தெரியாது. கேமராவுக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை விரலால் தொடவே வேண்டாம். ரசம் அதன் மேற்பரப்பிலேயே இருப்பதால் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

தங்கமுலாம் பூசிய, கழுகு முத்திரை போட்ட 'போர்க்கால லைக்கா' (ஜெர்மன் கேமரா) ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை (தூரம் அளக்கும் அமைப்பு) தள்ளும் கை ஒன்று எட்டிப்பார்க்கும். அதன் நுனியில் உருளும் சின்னச் சக்கரம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஆப்பு மாதிரி முக்கோணத் துண்டு இருந்தால், அது சோவியத் நாட்டு ஃபெட் அல்லது ஜோர்க்கி; லைக்கா என்று பெயர் வெட்டி முலாம் பூசியிருக்கிறார்கள். கழுகு, ஒலிம்பிக் வளையம், பாம்புத்தோல் என்று அலங்காரம் கூடக் கூடச் சந்தேகமும் கூட வேண்டும்.

ஜோர்க்கி என்று தெரிந்தே அதற்குரிய விலையில் வாங்கினால் நல்ல கேமராதான். ஃபிலிமைச் சுற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும்; சுற்றாமல் மாற்றினால் உள்ளே இயந்திரம் கெடும். மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும்.

என் வீட்டுக்காரர் 31 கேமரா சேர்த்துவிட்டார். ஆபீஸிலிருந்து வந்ததும் அவற்றோடு உட்கார்ந்தால்தான் முகம் தெளிகிறது. ஆனால் போன மாதமும் இரண்டு வந்தன. இது எங்கே போய் முடியும்?
– வாசகி, திருவாரூர்

உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். திறந்து, துடைத்து, சுற்றி, 'டக்' என்று தட்டுகிறாரா? அப்படியானால் அது அவருக்கு மருந்து. போனில் அடுத்த கேமராவைத் தேடிக்கொண்டிருக்கிறாரா? பிரிக்காத பார்சல் கிடக்கிறதா? அப்படியானால் அமைதி கேமராவிலிருந்து வரவில்லை, வாங்குவதிலிருந்து வருகிறது. பார்சல் வந்த மூன்றாம் நாள் அது வடிந்துவிடும்.

எண்ணிக்கைக்கு ஓர் அளவுகோல் உண்டு. பழைய ஷட்டரைச் சும்மா வைத்திருந்தால் எண்ணெய் இறுகி, மெதுவான வேகங்கள் முதலில் நின்றுபோகும். அதனால் அமாவாசைக்கு அமாவாசை என்று நாள் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு செகண்டிலிருந்து மேல்வேகம் வரை, வேகத்துக்கு மூன்று முறை தட்ட வேண்டும். கேமராவுக்கு 5 நிமிஷம் என்றால் 31-க்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அந்த ஒரு உட்காரலில் முடிகிற அளவுதான் அவர் தொகுப்பின் அளவு; மிஞ்சியதை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கட்டும். விலை எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும், உங்கள் பார்வையில் படும் இடத்தில்.

தட்டும்போது இரண்டு எச்சரிக்கை. லென்ஸோடு சேர்ந்த பழைய ஷட்டர்களில் தானியங்கித் தாமத நெம்புகோலைத் தொடக் கூடாது. பாதியில் சிக்கினால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும். பழைய காம்பூர் வகை ஷட்டரில் 500 வேகம் வேண்டுமானால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், ஏற்றியபின் திருகக் கூடாது. முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தளரவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பழைய கேமரா மீட்டருக்குப் போடும் 625 மெர்க்குரி பேட்டரி எங்கே கிடைக்கும்?
– வாசகர், பாபநாசம்

கிடைக்காது, பாதரசம் என்பதால் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாக–காற்று பேட்டரி வாங்குங்கள். பழையது 1.35 வோல்ட், இது ஏறக்குறைய 1.4. குறுக்களவு சிறிது என்பதால் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஸ்டிக்கரை உரித்ததும் தானே தீர ஆரம்பிக்கும், சில மாதம்தான் வரும். 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் பொய் சொல்லும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் மிகப் பழைய புகைப்படங்கள் யார் எடுத்தவை?
– மாணவர், தஞ்சாவூர்

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் எடுத்தவை மிகப் பழையவற்றில் சேரும். விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 காகித நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக இணைத்தார்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ ஆசை. எல்லா அட்டவணையும் 20 டிகிரி என்கிறது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே 29 டிகிரி.
– வாசகர், சீர்காழி

20-க்கு இறக்கப் பாடுபட வேண்டாம், 24 போதும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமை டி-76 டெவலப்பரில் 1+1 கலவையில் (மருந்தும் தண்ணீரும் சம அளவு) 20 டிகிரியில் 11 நிமிஷம் கழுவுவார்கள். 24-ல் சுமார் 8 நிமிஷம். 29-லேயே செய்தால் நேரம் 5 நிமிஷத்தை ஒட்டி வந்துவிடும், வானம் திட்டுத் திட்டாக விழும்.

பங்குனி, சித்திரையில் மண்பானைத் தண்ணீரில் மருந்துப் பாட்டில்களை அரை மணி நேரம் நிறுத்தினாலே பல டிகிரி இறங்கும். கார்த்திகையில் பானை கைவிட்டுவிடும். காற்றே ஈரமாக இருக்கும்போது பானையில் கசியும் நீர் ஆவியாகாது. அப்போது ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டிப் போடுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் விழக் கூடாது, கலவை நீர்த்துப்போகும். 120 சுருளுக்கு 500 மில்லி, 35 மி.மீ.க்கு 300 மில்லி. நிமிஷத்துக்கு ஒருமுறை 10 செகண்ட் தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அலசும் தண்ணீரும் ஃபிக்ஸரும் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) டெவலப்பரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சட்டென்று மாறினால் பூச்சு சுருங்கித் தோல் வெடித்தது போலாகும்.

கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு உப்புப் பொட்டு நிற்கும். குளியலறையில் கொஞ்ச நேரம் வெந்நீரைத் திறந்துவிட்டுத் தூசி அடங்கியதும், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கீழ் நுனியிலும் ஒரு கிளிப், சுருளாமல் இருக்க. மின்விசிறி போட வேண்டாம்.