வெள்ளவத்தை வீட்டின் பின்பக்கம்

கேள்வி: சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா எழுதி, செர்ஹியோ லர்ராயின் படமெடுத்து 1966இல் வந்த 'மணலில் ஒரு வீடு' பற்றிச் சென்ற இதழில் படித்தேன். ஒரு கவிஞரும் ஒரு புகைப்படக் கலைஞரும் சேர்ந்து ஒரே ஒரு வீட்டைப் புத்தகமாக்கியது எவ்வளவு அழகான யோசனை! நெரூதா நமக்குப் பக்கத்தில், கொழும்பு வெள்ளவத்தையிலும் கடலோர பங்களா ஒன்றில் வாழ்ந்திருக்கிறார். அந்த வீட்டைப் பற்றியும் இதேபோல் கண்ணுக்கு இனிய ஒரு புத்தகத்தை நம்மவர்கள் கொண்டுவரலாமே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: புத்தகம் கொண்டுவரலாம். ஆனால் கண்ணுக்கு இனியதாகக் கொண்டுவர முடியாது. அதற்கான காரணத்தை நெரூதாவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களை மயக்கிய அந்தப் புத்தகத்தை முதலில் பார்ப்போம். அதில் வரும் வீடு இஸ்லா நெக்ராவில் இருக்கிறது. 'கறுப்புத் தீவு' என்று பொருள், ஆனால் பெயரில்தான் தீவு. சிலியின் பசிபிக் கரையில், வால்பரைசோவுக்குத் தெற்கே இருக்கிற சிற்றூர் அது. 1930களின் கடைசியில் அங்கே ஒரு வயதான ஸ்பானிய மாலுமியிடமிருந்து சின்னக் கல் வீடு ஒன்றை வாங்கிய நெரூதா, கொஞ்சம் கொஞ்சமாக அதை வளர்த்தார். சங்குகள், வண்ணப் புட்டிகள், பழைய கப்பல்களின் முகப்பில் பொருத்தியிருந்த மரச் சிலைகள் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். படமெடுத்த லர்ராயின், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்களின் கூட்டமைப்பான மாக்னம் குழுவில் இருந்தவர். சான்டியாகோவில் வீடில்லாமல் தெருவில் திரிந்த சிறுவர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். பார்சிலோனாவின் லூமென் பதிப்பகம் எழுத்துக்கும் படத்துக்கும் சம இடம் கொடுத்து நடத்திய வரிசையில் இந்தப் புத்தகம் வந்தது. நல்ல புத்தகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதில் என்னை அதிகம் தொட்டது வீட்டு உத்தரங்கள். இறந்துபோன நண்பர்களின் பெயர்களை அந்த மரத்தில் செதுக்க வைத்தார் நெரூதா. 1936இல் ஸ்பெயினில் சுட்டுக்கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவின் பெயர் அங்கே இருக்கிறது. பெரியவர்கள் என்பதற்காக எழுதவில்லை, தோழர்கள் என்பதால் எழுதினேன் என்கிறார். அந்த வீட்டில் வேலைசெய்த தச்சர் ரஃபிதாவைக்கூட நெரூதாவின் வாசகர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். மரச் சிலைகளுக்கும் பெயர் உண்டு: மரியா செலஸ்தே, கில்லெர்மினா, மெதூசா. யாரையும், எதையும் பெயரில்லாமல் விடாத வீடு அது.

இப்போது வெள்ளவத்தைக்கு வருவோம். 1929இல், சிலியின் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக, நெரூதா கொழும்புக்கு வந்தபோது இன்னும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கடலோர பங்களா, வளர்த்த கீரிப்பிள்ளை, புத்தகங்களை மூட்டையாகக் கொடுத்தனுப்பும் நண்பரான இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் என்று அந்த நாட்களைத் தன் நினைவுக்குறிப்புகளில் ரசித்து எழுதியிருக்கிறார். நெரூதா இறந்த மறுவருஷம், 1974இல், அந்த நூல் வந்தது. அதே பகுதியில்தான் வீட்டின் பின்னால் தள்ளியிருந்த கழிப்பிடத்தைப் பற்றியும் எழுதுகிறார். ஓட்டை போட்ட மரப் பெட்டி, அதன் அடியில் வாளி. அந்த வாளி தினமும் காலையில் எப்படியோ சுத்தமாகிவிடுகிறது. ஒருநாள் சீக்கிரம் எழுந்தபோது யார் அதைச் செய்வது என்று பார்க்கிறார். ஒரு தமிழ்ப் பெண். பறையர் சாதி என்று அவரே எழுதுகிறார். அந்தப் பெண் இவரைத் திரும்பியும் பார்க்காமல், மலச்சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறார்.

பட்டும் பழமும் வைத்துப் பார்த்தார் நெரூதா. அந்தப் பெண் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு காலை நெரூதா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, படுக்கையில் வைத்து வன்புணர்ந்தார். 'வன்புணர்ந்தேன்' என்று நெரூதா எழுதவில்லை. ஒரு சிலையோடு இருந்ததுபோல் இருந்தது, அவள் முழுநேரமும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், என்னை வெறுத்தது நியாயம்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அடுத்து வருவது அவருடைய புதிய பதவி பற்றிய தந்தி.

தென்னிந்தியாவின் ஆயிரம் வருஷத்துச் சிற்பங்களைப் போன்ற உடல் என்று வர்ணிக்கத் தெரிந்தவருக்கு, அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் மரத்தில் செய்த பெண்களுக்கெல்லாம் பெயர் சூட்டி வரவேற்பறையில் நிறுத்தியவர் இவர்தான். இது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

2018இல் சான்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதா பெயர் வைக்கும் யோசனை வந்தபோது, சிலியின் பெண்கள் இயக்கத்தினர் இதே பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். எங்கோ இருக்கிற அவர்களுக்கு உறைத்தது, அந்தப் பெண்ணின் மொழியைப் பேசுகிற நமக்கு உறைக்க வேண்டாமா? நெரூதாவைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானே படிக்கிறேன். ஆனால் வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு புத்தகம் என்றால், அது அவருடைய வீடாக மட்டும் இருக்கக் கூடாது.

இதை எடுத்துச் செய்ய யாராவது முன்வந்தால், என் விருப்பங்களைச் சொல்கிறேன். படமெடுப்பவர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். வெள்ளவத்தைக் கடலின் அந்திவானப் படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. வாளி தூக்கியவர்கள் வந்துபோன பின்பக்கச் சந்துகள், நகரசுத்தித் தொழிலாளர்கள் குடியிருந்த இடங்கள், இன்றைக்கும் அந்த வேலையில் இருப்பவர்களின் முகங்கள், அதுவும் அவர்களுடைய சம்மதத்தோடு, இவைதான் எனக்கு வேண்டும். நெரூதா வர்ணித்ததுபோல் யாருக்காவது சிவப்புச் சேலை கட்டிவிட்டு அந்தப் பெண்ணாக நிறுத்தவும் கூடாது. எழுதுபவர் அவருக்கு ஒரு பெயரைக் கற்பித்து, அவர் மனதில் ஓடியதையெல்லாம் தான் அறிந்ததுபோல் எழுதினால் அதையும் ஏற்க மாட்டேன். அவரைப் பற்றி நமக்குக் கிடைத்ததெல்லாம் அவருக்குக் கொடுமை செய்தவர் சொன்னது மட்டுமே. எழுதுபவர் அந்த ஒன்றை எந்தப் பக்கத்திலும் மறக்கக் கூடாது. தமிழகத்திலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் எப்படிக் கொழும்பின் மலம் அள்ளும் வேலைக்குள் தள்ளப்பட்டன, யார் தள்ளினார்கள், எந்தக் கூலிக்கு என்று அவர் ஆவணங்களைத் தேடட்டும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசட்டும். பங்களாவைப் பற்றி நெரூதா நிறையவே சொல்லிவிட்டார், அதற்கு ஓர் அத்தியாயம் போதும்.

உங்களுக்குத் தெரிந்த எழுத்தாளரோ புகைப்படக் கலைஞரோ இதற்குத் தயார் என்றால் எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். புத்தகமாவதற்கு முன்னால் இந்த இதழிலேயே தொடராகப் போட நான் இடம் தருகிறேன்.