தென்னாப்பிரிக்க அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரிய இயக்கம் என்பது என்ன?

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறையிடப்பட்டவர்களே அங்கு அரசியல் கைதிகள் எனப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கும்படி உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் மக்கள் தொடர்ந்து கொடுத்த அழுத்தமே இந்த இயக்கம். விடுதலைப் போராட்டத் தலைவர் நெல்சன் மண்டேலா முதலியோர் மீது நாசவேலைக் குற்றம் சாட்டிய ரிவோனியா வழக்கு தொடங்கிய 1963 அக்டோபரிலேயே, அவ்வழக்கைக் கைவிட்டு அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்குமாறு ஐ.நா. பொதுச்சபை 106 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தது தென்னாப்பிரிக்கா மட்டுமே.

தீர்மானத்தோடு நில்லாமல் இயக்கம் ஏன் தேவைப்பட்டது? கைதிகளைக் கேப் டவுனுக்கு அருகே கடலில் உள்ள ராபன் தீவுச் சிறையில் அடைத்து, அவர்களுடைய சொற்களையும் படங்களையும் வெளியிடத் தடை விதித்த அரசு, உலகம் அவர்களை மறந்துவிடும் என்று நம்பியது. நம் ஊரில் ஒருவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றால் உறவினர்கள் வாசலைவிட்டு நகராமல் விசாரித்துக்கொண்டே நிற்பார்களே, அதைப் போன்றதுதான் இதுவும்: கேட்க ஆள் இருக்கிறது என்று தெரியும்போது உள்ளே நடப்பதற்கு ஒரு வரம்பு வருகிறது. 1980இல் தென்னாப்பிரிக்கச் செய்தித்தாள் ஒன்று மண்டேலாவின் விடுதலைக்காகக் கையெழுத்துத் திரட்டியது. 1988இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் அவருடைய 70ஆம் பிறந்தநாளுக்காக நடந்த இசை நிகழ்ச்சி பல நாடுகளில் ஒளிபரப்பானது. இவற்றைவிட என்னை நெகிழ வைப்பது 1985ஆம் ஆண்டு நிகழ்வு. வன்முறையைக் கைவிடுவதாக வாக்களித்தால் விடுவிப்பதாக அதிபர் போத்தா சொன்னபோது, மண்டேலா மறுத்து எழுதிய பதிலை அவர் மகள் சிண்ட்சி, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின மக்களின் குடியிருப்பான சோவெட்டோவில் ஓர் அரங்கில் மக்கள் முன் வாசித்தார்.

இது மண்டேலா ஒருவருக்கான இயக்கம் என்று பலர் எண்ணுவது சரியன்று. அதே ரிவோனியா வழக்கில் தண்டனை பெற்ற கோவன் இம்பெக்கி 1987இலும், வால்ட்டர் சிசுலு, அகமது கத்ராடா முதலியோர் 1989 அக்டோபரிலும் வெளிவந்த பின்னரே, 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா விடுதலையானார்.