அப்பா தூக்கினால் அழுகிறாளே!

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். நான் வேலை முடிந்து வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். விடுமுறை நாளில் ஆசையாகத் தூக்கினால் வீறிட்டு அழுது அம்மாவிடம் தாவுகிறாள். என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: நிச்சயமாக அப்படி இல்லை. 6 மாதத்துக்கு மேல் குழந்தைகள் அதிகம் பழகிய முகத்தோடு ஒட்டிக்கொள்வார்கள். அது வளர்ச்சியின் அடையாளம்தான். அழுகிறாளே என்று நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள்.

என் மூத்தவனும் இப்படித்தான் அழுதான். அப்புறம், காலையில் அவனுக்கு உடை மாற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதலில் இரண்டு கைகளாலும் என் நெஞ்சைத் தள்ளுவான். நான் அவசரப்படாமல், "இப்போ வலது கை, இப்போ இடது கை" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டுவேன். சில மாதங்களில், "வலது கை" என்றதுமே கையை நீட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்களும் ஏதாவது ஒரு வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள். 15 நிமிடம் போதும், ஆனால் தினமும். போனைத் தள்ளி வையுங்கள். அவள் "ஆ" என்றால் நீங்களும் "ஆ" சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. (உங்கள் மனைவிக்கு ஒரு வேண்டுகோள்: அவர் சட்டையைத் திருப்பிப் போட்டாலும் ஓடிவந்து குழந்தையை வாங்கிவிடாதீர்கள், அம்மா.)

இன்னொன்று. குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும். சுமார் பத்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இந்த வருத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் தயங்காமல் மருத்துவரிடம் பேசுங்கள்.