அப்பா குடியை விட்டுவிட்டார், எனக்கு மட்டும் ஏன் இன்னும் சரியாகவில்லை?

"அப்பா குடியை நிறுத்திவிட்டார், பழசையெல்லாம் மறந்துடு என்கிறார்கள், என்னால் முடியவில்லை, கோளாறு என்னிடம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு உங்களிடம் இல்லை. சிகிச்சை எடுத்தது அவர், குணமானதும் அவர். உங்களுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லையே.

நீங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகத்தான் இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நானும் மூத்தவள். எங்கள் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே தம்பி புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குகிற மாதிரி பாயில் சுருண்டுகொள்வான். நான் ஸ்டாண்டு போடும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஒரே மிதியில் விழுந்துவிட்டால் தட்டு எடுத்து வைக்கலாம். கால் வழுக்கி வழுக்கித் தேடினால் முதலில் அரிவாள்மனையைப் பரணில் ஏற்ற வேண்டும்.

என் கணவர் குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் ராத்திரி அவர் வண்டி வாசலில் வந்து நின்றால் எனக்கு வயிற்றைப் பிசையும். "எதுக்கு தினமும் என்னை மோந்து பாக்கற?" என்று அவர் ஒருநாள் கேட்டபிறகுதான் கதவைத் திறந்ததும் நான் என்ன செய்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

"அடிச்சாரா? பீஸ் கட்டாம விட்டாரா? பெத்தவரைப் பத்தி இப்படி எழுதலாமா?" என்று கேட்க இங்கே ஆள் வரும். என்னை அவர் அடித்ததே இல்லை, பீஸும் கட்டினார். குடிக்கு அடிமையாவது நோய்தான், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. நோயாளியைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த நோயோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதில்லை என்றுதான் சொல்கிறேன்.

அப்பா ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போய்த்தான் மீண்டார். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற, 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான் அது, நம் ஊர்களிலும் தமிழிலேயே நடக்கிறது. குடிக்காமல் ஒரு வருஷம் தாண்டினால் அதைப் 'பிறந்தநாள்' என்று கொண்டாடுவார்கள். அப்பாவின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். சாக்கடையில் விழுந்து கிடந்த ராத்திரியைப் பற்றி அவர் மேடையில் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்குச் சாக்கடை ஓரம் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்குக் கை தட்ட வரவில்லை. அம்மா தொடையில் கிள்ளினார்.

அங்கே ஒரு அம்மாதான் அல்-அனான் பற்றிச் சொன்னார். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று 1951இல் தொடங்கியது. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். "இதற்கு நான் காரணமில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது" என்று அங்கே சொல்வார்கள். ஸ்டாண்டு சத்தத்துக்குக் காது கொடுத்தே வளர்ந்தவளுக்கு இந்த நடுவாக்கியம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். கடவுள் பேச்சு கொஞ்சம் வரும், ஒத்துவராதவர்கள் கவுன்சிலரிடம் போகலாம். நான் இரண்டு இடத்துக்கும் போனேன். பணம் பிரச்சினை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. "குடியை மறக்கடிக்கும் மருந்து, அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை. அம்மா அப்படி ஒரு பொடியை வாங்கிக் குழம்பில் கலந்தார். அப்பா கடைசி வாய் சாப்பிடும்வரை பக்கத்தில் நிற்பது என் வேலை. அன்று ராத்திரி வாந்தி, வியர்வை, மூச்சிரைப்பு. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் போன்ற மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, சாப்பிடுபவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதை ஒரு குழந்தையைக் காவல் நிறுத்திக் கொடுக்க வைக்கிறார்கள்.

மன்னிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் படிகளில் ஒன்பதாவது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. அப்பா அதற்காக என் வீட்டுக்கு வந்தார். பேசும்போது கை நடுங்கியது. "நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்பா, பதில் இப்ப என்கிட்ட இல்லை" என்றேன். அம்மாவுக்கு வருத்தம், சித்தப்பா இன்னும் பேசுவதில்லை. அப்பா மட்டும் "சரிம்மா" என்று காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகும் மாதாமாதம் வருகிறார், பேரனோடு கேரம் ஆடுகிறார். எனக்கு அவர்மேல் பாசம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும் என்று என் கவுன்சிலர் சொல்லவில்லை. உங்களை யாராவது அப்படி நெருக்கினால், அப்பாவுக்குக் கொடுத்த அவகாசத்தை உங்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.