“வக்கீல் படிப்பு சரி சார், சோறு போடுமா?”: திருப்பூர் அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறீர்கள். மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப். சி.ஏ.வுக்குப் போவாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், “வக்கீலாகப் போகிறேன், அதுவும் கம்பெனி வழக்குகள் நடத்துகிற வக்கீலாக” என்று சொல்லிவிட்டாள். ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்தபோது நீங்கள் கோர்ட்டுக்கு அலைந்ததில் இரண்டு முறை அவளும் கூட வந்திருக்கிறாள். அங்கே பார்த்த மூத்த வக்கீல் ஒருவர் அவள் மனதில் தங்கிவிட்டார். “அவருக்கு இருபத்தைந்து வருஷ அனுபவம். பாப்பா அந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம் ஆகும், அதுவரை சோறு போடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் பார்த்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், படிப்பு முடிந்து கோட் போட்ட நாளிலிருந்து வீட்டுப் பணம் இல்லாமல் வாழ நான்கைந்து வருஷம் ஆகும். ஒரு வணிக வழக்கைப் பிராதிலிருந்து (வழக்குத் தொடுக்கும் மனு) தீர்ப்பு வரை தனியாக நடத்த கட்சிக்காரர் நம்பிக் கொடுப்பதற்கு எட்டிலிருந்து பத்து வருஷம். அதற்குப் பிறகு வருமானம் நன்றாகவே இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்கும் குடும்பம் தாங்கிவிடுகிறது. தெரியாமல் இறங்கிய குடும்பங்களில்தான் மூன்றாவது வருஷம் சண்டை வருகிறது, பிள்ளை பாதியில் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

இந்த வக்கீல்கள் அப்படி என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு நாள் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பதினான்கு வருஷத்துக்கு முன், இதே பிளஸ் டூ வயதில் என்னிடம் ஆலோசனைக்கு வந்த பெண் ஒருத்தி இப்போது சென்னையில் வணிக வழக்குகள் நடத்துகிறாள். போன வருஷம் அவள் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வாதி ஒரு நூல் மில். 18 லட்ச ரூபாய் பாக்கி. நூலை வாங்கிய பனியன் கம்பெனி, தரம் சரியில்லை, அதனால்தான் பணம் தரவில்லை என்று எதிருரை போட்டிருந்தது. கூண்டில் அந்தக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் நின்றார். இவள் குரலை உயர்த்தவே இல்லை.

“இந்த ஆறு பில்லுக்கும் ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு, எடுத்திருக்கிறீர்களா?”

“எடுத்திருக்கிறோம்.”

“முழுத் தொகைக்கும்?”

“ஆமாம்.”

“தரம் சரியில்லை, பில் தொகையைக் குறையுங்கள் என்று டெபிட் நோட் ஏதாவது போட்டீர்களா?”

“இல்லை.”

“சரக்கைத் திருப்பி அனுப்பியதற்கு டிசி (டெலிவரி சலான்) இருக்கிறதா?”

“இல்லை.”

அதோடு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வந்ததும், “ஏன் டெபிட் நோட் போடவில்லை என்று கேட்டிருக்கலாமே அம்மா?” என்றேன். “கேட்டிருந்தால் அவர் ஒரு கதை சொல்லியிருப்பார் சார். அதுவும் வாக்குமூலத்தில் ஏறியிருக்கும். தரம் சரியில்லை என்றவர்களே சரக்கை முழு விலைக்கு ஏற்றுக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது ஏறிவிட்டது, எனக்கு அது போதும்” என்றாள். அந்த நான்கு கேள்விக்காக மூன்று ராத்திரி லெட்ஜரையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தாளாம்.

ஐயா, இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. வாய்ச்சாமர்த்தியம் உள்ள பிள்ளைதான் வக்கீலாகும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. வணிக வழக்கில் எனக்குத் தெரிந்து நன்றாக வந்தவர்கள் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர்கள். பில், டிசி, இமெயில், வாட்ஸ்அப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினால் யார் பொய் சொல்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் மகள் அக்கவுன்டன்சியில் விரும்பி மார்க் வாங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி அதுதான். கூச்ச சுபாவம் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம். பேச்சைப் பழக்கிவிடலாம், இந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

அடுத்து, இந்தத் துறையில் வேலை இருக்குமா என்ற கேள்வி. இருக்கும். 2015-ல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வழக்குகளுக்குத்தான் அது பொருந்தியது. 2018-ல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தார்கள். அதாவது, உங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டின் பாக்கி வழக்கும் இப்போது வணிக வழக்காக வரலாம். இந்த நீதிமன்றங்களில் காலக்கெடு மிகக் கண்டிப்பு. சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். சாதாரண சிவில் வழக்கில் வாய்தா வாங்கிப் பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுகிறார்கள். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கு என்றால், தாக்கல் செய்வதற்கு முன்பே சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றமே அது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. அதனால் வாதாடத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தத் தொகைக்கு ராஜி ஆகலாம் என்று கட்சிக்காரரிடம் கூசாமல் சொல்லவும் தெரிய வேண்டும். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இது ஓரளவு ரத்தத்திலேயே இருக்கும்.

பெரிய ஒப்பந்தத் தகராறுகள் பல இப்போது ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணைக்கு, போகின்றன. அங்கேயும் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. கற்ற வித்தை அங்கேயும் செல்லும்.

மெட்ராஸில் இந்தத் தொழிலுக்கு வேர் ஆழம். 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் திவாலாகி ஊரே பணத்தை இழந்து நின்றது. அடுத்த வருஷம் இந்தியன் வங்கியைத் தொடங்க முன்னின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற மெட்ராஸ் வக்கீல். வியாபாரமும் வக்கீல் தொழிலும் இங்கே எவ்வளவு நெருக்கம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாப்பாவிடமும் சொல்லுங்கள்.

படிப்பு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருஷப் படிப்பு. கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் மற்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களும் திறக்கும். தேர்வு 120 கேள்வி, இரண்டு மணி நேரம். வேகமாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் அதில் கைகொடுக்கும். அது கிடைக்காவிட்டால் சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி இருக்கிறது. அங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் தருகிறார்கள். பி.காம்., எல்எல்.பி. ஹானர்ஸ் உண்டு, அவளுக்கு அது பொருத்தம். அதுவும் அமையாவிட்டால் அரசு சட்டக் கல்லூரி. நாலாபுறமும் கடன் வாங்கி வெளி மாநிலத் தனியார் கல்லூரியில் சேர்க்க மட்டும் ஓடாதீர்கள். அந்தப் பணம் அவளுக்குப் பின்னால் தேவைப்படும், எங்கே என்று சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும், வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு. பொதுப் பிரிவுக்குச் சட்டப்படி 750 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது தடையே இல்லை.

தடை அதற்குப் பிறகுதான் வருகிறது. எந்த சீனியரிடம் சேர்கிறாள் என்பது எந்தக் கல்லூரியில் படித்தாள் என்பதைவிடப் பல மடங்கு முக்கியம் என்பது என் அனுபவம். பெற்றோர் கல்லூரிக்காக ஒரு வருஷம் அலைகிறார்கள். சீனியரை ஒரு வாரத்தில், சொந்தக்காரர் சொன்னார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சென்னையில் தம்புசெட்டித் தெருவிலும் அர்மேனியன் தெருவிலும் எத்தனையோ ஆபீஸ்கள். சிலவற்றில் ஜூனியருக்கு வேலை என்பதே வாய்தா வாங்குவதும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான். அங்கே ஐந்து வருஷம் இருந்தாலும் ஒரு சாட்சியைக்கூட விசாரித்திருக்க மாட்டாள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ரொம்பப் பெரிய பெயர் உள்ள ஒரு ஆபீஸில் நான்கு வருஷம் இருந்தான். பெயரை எழுத விரும்பவில்லை. வெளியே வந்தபோது சாட்சியின் வாக்குமூலத்தை எழுத்தில் தரும் ஒரு புரூஃப் அஃபிடவிட்டைக்கூட அவனுக்குச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியவில்லை. அவனை அங்கே போகச் சொன்னவன் நான். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுவரச் சொல்கிறேன். இந்த ஆபீஸில் இப்போது எத்தனை வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது? ஜூனியர் எழுதும் பிராதை சீனியர் உட்கார்ந்து திருத்துவாரா? சின்ன வழக்கில் சாட்சியை விசாரிக்க எத்தனையாவது வருஷம் விடுவார்? சீனியரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜூனியரிடம் டீக்கடையில் கேட்டால் போதும். உண்மை வந்துவிடும்.

பெரிய சட்ட நிறுவனங்களில் சம்பளம் முதல் மாதத்திலிருந்தே நன்றாக இருக்கும். குடும்ப நிலை காரணமாக அங்கே போவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அங்கே ஆவணம் படிப்பதிலேயே வருஷங்கள் ஓடிவிடலாம், கோர்ட்டில் எழுந்து நிற்கும் வாய்ப்பு குறைவு. கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சட்ட அதிகாரியாகப் போனால் வக்கீலாகத் தொழில் செய்வதை நிறுத்தி வைக்க வேண்டும், அது விதி. உங்கள் மகள் பார்த்து ஆசைப்பட்டது கோர்ட்டில் நின்ற மனிதரை. அதனால் முதல் ஐந்து வருஷமாவது டிரயல், அதாவது சாட்சி விசாரணை, நடக்கும் இடத்தில் இருக்கட்டும் என்பேன். கீழ்க் கோர்ட்டில் சாட்சி பெரும்பாலும் தமிழில் பேசுவார், ஆவணமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில். திருப்பூர் வியாபாரி பேசும் தமிழ் அவளுக்குப் புரியும் என்பதே ஒரு பலம்.

இப்போது பணம். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்குச் சொன்னது. நல்ல விஷயம். நடைமுறையில் இன்னும் பல பிள்ளைகள் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். ஆகவே கல்லூரிக்குக் கடன் வாங்காமல் மிச்சம் பிடிக்கும் பணத்தை, படிப்பு முடிந்த பிறகு மூன்று வருஷத்துக்கு மாதம் பத்தாயிரம் என்று அவள் பெயரில் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் கையில் இருந்தால்தான், குறைவாகத் தந்தாலும் வேலை கற்றுத்தருகிற சீனியரை அவளால் தேர்ந்தெடுக்க முடியும்.

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, ஜெயித்த தொகையில் பங்கு என்று பேசி ஃபீஸ் வாங்கவும் கூடாது. நல்ல வேலை செய்து, அதைப் பார்த்த கட்சிக்காரர் இன்னொருவரிடம் சொல்லித்தான் கேஸ் கட்டு வரும். சில சமயம் எதிர்க் கட்சிக்காரரே அடுத்த வழக்கைக் கொண்டுவருவார். அந்த நூல் மில் வழக்கு நடத்திய பெண்ணுக்கு அப்படி ஒன்று வந்தது.

கடிதத்தின் கடைசியில் உங்கள் துணைவியார் சேர்த்த வரியையும் பார்த்தேன்: “கல்யாண வயசுல கோர்ட்டு கேஸுன்னு அலைவாளே.” அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ராத்திரி எட்டு, ஒன்பது மணி வரை சேம்பரில் இருக்க வேண்டிய நாட்கள் வரும், மறைக்க மாட்டேன். அதனால் சீனியரைப் பார்க்கும்போதே அந்த ஆபீஸில் பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெண்கள் நீடித்து வேலை செய்கிற ஆபீஸ் என்றால் பாதிக் கவலையை விட்டுவிடலாம். வீட்டுக்கு ஒரே வேண்டுகோள்: இருபத்தாறு, இருபத்தேழு வயதில், அவள் முதல் சாட்சியை விசாரிக்கப் போகும் நேரத்தில், “இன்னுமா சம்பாதிக்கவில்லை” என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியால் நல்ல பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு முடிந்துவிடும். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. அதனால் ஏப்ரலிலேயே ஒரு நாள் கோவைக்கு அவளை அழைத்துக்கொண்டு போங்கள். கோர்ட் பொது இடம்; செல்போனை அணைத்துவிட்டுப் பின்னால் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாட்சி விசாரணை நடக்கும் ஹாலாகக் கேட்டு உட்காருங்கள். பெரிய வாதம் எதுவும் இருக்காது. பாதி நேரம் பில் நம்பரும் தேதியும்தான் காதில் விழும். மதியம் வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறுங்கள். வழியில் அவள் தூங்கினாளா, அந்த பில் பற்றி உங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாளா என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று பேசுவோம்.